சேலத்தில் வீடு வாங்க: புதுசா, பழசா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேலாகக் கட்டட மேற்பார்வை வேலையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தால் பாதி நேரம் "அண்ணா, ஒரு வீடு பார்த்திருக்கோம், ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்" என்றுதான் இருக்கும். குகைச் சந்து முதல் அயோத்தியாப்பட்டணம் புது மனைகள் வரை போய்வந்தாயிற்று. வீடுகள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. பத்திரத்தைப் பொறுத்தவரை நான் சொல்வது அனுபவம்தான்; கையெழுத்துக்கு முன் வக்கீல் பார்த்தாக வேண்டும். அரசுக் கட்டணங்கள் அவ்வப்போது மாறும், பதிவுக்கு முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே வரியில் சொல்லுங்க. புதுசு வாங்கலாமா, பழசா?

பழைய வீடு என்றால் பத்திரத்துக்குப் பயப்படுங்கள். புது வீடு என்றால் சுவருக்குப் பயப்படுங்கள்.

முப்பது மழை பார்த்த வீடு தன் குறையை ஒளித்து வைக்க முடியாது. ஒழுகுகிற இடம் ஒழுகிக் கறையாகியிருக்கும், இறங்குகிற மூலை இறங்கியிருக்கும். ஆனால் அந்த முப்பது வருடத்தில் அந்தக் குடும்பத்தில் யார் இறந்தார்கள், யார் கல்யாணமாகிப் போனார்கள், யார் கடன் வாங்கினார்கள் என்பது சுவரில் எழுதியிருக்காது. புது வீட்டில் இது அப்படியே தலைகீழ். மனையின் பத்திரம் பெரும்பாலும் நேராக இருக்கும். பூச்சுக்குள் என்ன இருக்கிறதென்று மேஸ்திரிக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

நம் ஆட்கள் இதை மாற்றிச் செய்கிறார்கள். பழைய வீட்டில் போய்ச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள். புது வீட்டில் டைல்ஸின் பளபளப்பில் மயங்கிவிட்டு, பத்திர நகலை மட்டும் நாலு பேரிடம் காட்டுகிறார்கள்.

ஒரே பணத்துக்கு ஊருக்குள்ள பழைய வீடும், வெளியில புது வீடும் கிடைக்குது. எது லாபம்?

விலையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: நிலத்துக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு. நிலம் ஏறும், கட்டடம் தேயும். அழகாபுரத்திலோ ஹஸ்தம்பட்டியிலோ நாற்பது வருட வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி மண்ணுக்குப் போகிறது. ஊர் எல்லையில் புது வீட்டுக்குக் கொடுப்பதில் பாதிக்கு மேல் செங்கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் போகலாம். பத்து வருடம் கழித்து விற்கப் போனால் வித்தியாசம் தெரியும்.

ஆனால் எல்லோரும் விற்பதற்காக வாங்குவதில்லை. வேலை இரும்பாலைப் பக்கம், பிள்ளைகளின் பள்ளி ஓமலூர் ரோட்டில் என்று இருப்பவர் செவ்வாய்ப்பேட்டையில் பழைய வீட்டை வாங்கி, கார் நுழையாத தெருவில் மாட்டிக்கொண்டு தினம் புலம்புவதையும் பார்த்திருக்கிறேன். எந்த வீடானாலும் அளவையும் சரிபாருங்கள்: ஒரு சென்ட் 435.6 சதுரடி. பழைய பத்திரங்களில் முழமும் கெஜமும் வரும். கையில் டேப் பிடித்து நீங்களே அளக்காமல் விலை பேசாதீர்கள்.

பழைய வீட்டில் கட்டடத்தைப் பொறுத்தவரை என்ன பார்க்கணும்?

மழை விட்ட மறுநாள் போங்கள். வெயில் நாளில் வெள்ளையடித்துக் காட்டினால் எல்லா வீடும் கல்யாணப் பெண்தான்.

முதலில் மேலே பாருங்கள். ஆர்.சி. தளத்தின், அதாவது கம்பி வைத்த கான்கிரீட் கூரையின் அடியில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? ஒரு இடத்தில் மட்டும் என்றால் சரி செய்யலாம். அறை முழுக்கப் பொரிந்திருந்தால், தளத்தையே மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். புதிதாக ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்.

அடுத்து சுவரின் அடிப்பக்கம். இரண்டு மூன்று அடி உயரம் வரை பெயின்ட் உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது. பழைய வீடுகளில் ஓதம் தடுக்கும் அடுக்கு வைக்காமலே கட்டியது நிறைய. இதற்குப் பெயின்ட் மருந்து கிடையாது; டைல்ஸ் ஒட்டி மறைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும்.

பிறகு குழாயும் கரன்டும். பழைய இரும்புக் குழாய் உள்ளே துருவும் உப்பும் அடைத்துச் சுருங்கியிருக்கும். சேலத்துப் போர் தண்ணீருக்கு அது சீக்கிரமே நடக்கும். ஒயரிங்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பாருங்கள். மரப்பட்டியில் ஓடும் ஒயர் இன்னும் இருந்தால், ஏ.சி.யைப் பற்றி நினைக்கும் முன் மொத்தமாக மாற்றக் காசு எடுத்து வையுங்கள். தேக்கு நிலை, தேக்குக் கதவு இருந்தால் சந்தோஷம். ஆனால் நிலையின் கால் மண்ணைத் தொடும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கரையான் அங்கேதான் தொடங்கும்.

இன்னொன்று, இது நம் ஊருக்கே உரியது. அம்மாபேட்டை, குகைப் பக்கம் நெசவாளர் வீடுகளில் கூடத்திலேயே தறிக்குழி இருந்திருக்கும். தறி போன பிறகு குழியை உடைசலும் மண்ணும் போட்டு மூடி, மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். குகையில் ஒரு வீட்டில் கூடத்தின் நடுவே நடந்தபோது கால் லேசாக இறங்குவது போலிருந்தது. ஒரு கோலிக்குண்டைத் தரையில் விட்டேன். அது உருண்டு ஓர் இடத்தில் போய் நின்றது. மறுபடி எங்கிருந்து விட்டாலும் அதே இடம். வீட்டுக்காரப் பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார்: "அங்கதான் கண்ணு எங்க ஊட்டுக்காரரு நாப்பது வருசம் கால் தொங்கப்போட்டு உக்காந்திருந்தாரு." தோண்டிக் கெட்டிக்க வேண்டிய செலவைக் கழித்து விலை பேசி, அந்த வீட்டை வாங்கினார்கள். நல்ல வீடு.

சுவர்ல விரிசல் இருந்தா விட்டுடலாமா?

தலைமுடி போன்ற கோடு பூச்சில்தான் இருக்கும், கவலை வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போய், விரல் நகம் நுழையும் அளவு இருந்தால், அதுவும் சுவரின் இரண்டு பக்கமும் தெரிந்தால், அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டுங்கள்.

ஓட்டு வீடு, மரக்கட்டையும் செங்கல்லும் வெச்ச தார்சு வீடெல்லாம் இடிக்கத்தானே வேணும்?

அவசரப்படாதீர்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர் ஏப்ரல் மே வெயிலில் என்ன செய்யும் என்பதை, மேற்குப் பக்கம் நாலரை அங்குலச் சுவர் வைத்த புது வீட்டில் ஒரு மதியம் படுத்துப் பார்த்தவரிடம் கேளுங்கள். தளத்தின் கட்டை உளுக்காமல் இருந்தால் அந்த வீடு இன்னொரு தலைமுறை தாங்கும். ஒரே எச்சரிக்கை: சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூச்சு பூசாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சு பாளம் பாளமாக விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் அரிது, கூலியும் அதிகம் என்பது உண்மைதான்.

பழைய வீட்டை வாங்கி இடிச்சுட்டுப் புதுசாக் கட்டலாமே?

கட்டலாம். ஆனால் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவராக நிற்கும், சில இடங்களில் பக்கத்து வீட்டுக்கும் அதுவே பொதுச்சுவர். உங்கள் பக்கத்தை இடித்தால் அவர் வீடு ஆடும். புது அனுமதி கேட்கும்போது 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி இடம் விட வேண்டிவரும். இன்றைக்கு மனை முழுக்க நிற்கும் வீட்டை இடித்துவிட்டால் அதே அளவு மறுபடி கட்ட முடியாமல் போகலாம். குறுகின மனை என்றால், வாங்கும் முன்பே வரைபடக்காரரிடம் ஒரு கோட்டுப்படம் போட்டு வாங்கிப் பாருங்கள். எத்தனை அறை தேறும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

புது வீட்டில் எதைப் பார்க்கிறது? எல்லாம் பளபளன்னு இருக்குதே!

அதுதான் சங்கடம். முடிந்தால் வேலை நடக்கும்போதே போங்கள். தளம் போட்ட பிறகு தண்ணீர் கட்டி நிறுத்துகிறார்களா என்று பாருங்கள். சாதா சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது எல்லோரும் போடும் கலப்பு சிமென்ட்டுக்கு 10 நாள் ஈரம் காயக்கூடாது என்பது இந்தியத் தரநிர்ணயம். தளத்தின் முட்டுக்கால்களை 4.5 மீட்டர் வரை அகலமுள்ள அறைக்கு 7 நாள், அதற்கு மேலென்றால் 14 நாள் கழித்துத்தான் எடுக்க வேண்டும். சேலம் கோடையில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் ஆவியாகிவிடும். சாக்கு போட்டு நனைக்கிற பில்டர் கிடைத்தால் ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கேட்டாலும் பரவாயில்லை.

முடிந்த வீடென்றால் நான் செய்வது இது. ஒரு ரூபாய்க் காசால் டைல்ஸை வரிசையாகத் தட்டுவேன். 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்டால் கீழே கலவை முழுதாக இல்லை. பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீரைக் கதவோரம் கொட்டுவேன். நேராக ஜாலிக்குப் போகவேண்டும். மூலையில் தேங்கினால் வாட்டம் சரியில்லை, பின்னால் உடைத்துத்தான் சரி செய்யணும். மாடி பாத்ரூமின் ஜாலியைத் துணியால் அடைத்து, தண்ணீர் நிறுத்தி, மறுநாள் கீழ் அறையின் கூரையைப் பார்க்கச் சொல்வேன். பில்டர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். எங்கள் உறவில் ஒருவர் சங்கோஜப்பட்டு இதைச் செய்யவில்லை. கிரகப்பிரவேசம் முடிந்த மூன்றாம் மாதம் பூஜை அறைச் சுவரில் ஈரம். கட்டியவர் முதல் இரண்டு முறை ஆள் அனுப்பினார், பிறகு போன் எடுக்கவில்லை. மாடி பாத்ரூம் முழுவதையும் சொந்தச் செலவில் உடைத்துப் போட்டார்கள்.

கட்டடம் நிற்கும் மண்ணையும் கேளுங்கள். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் கன்னங்குறிச்சி வழியாக, ஏரி ஏரியாக நிரம்பித் திருமணிமுத்தாற்றில் சேரும். அந்த வழியில் வாய்க்கால் ஓரமோ பழைய ஏரிப் பள்ளமோ மேடாக்கப்பட்டு மனையாகியிருந்தால், பெரிய மழையில் தண்ணீர் தன் பழைய பாதையை மறக்காது. பெயர்ப்பலகையை நம்பாமல், பக்கத்தில் மாடு மேய்க்கும் பெரியவரிடம் "முன்னாடி இது என்ன இடங்கய்யா?" என்று கேளுங்கள். கிராம வரைபடத்தில் நீர்வழி குறித்திருக்கிறதா என்றும் சர்வேயரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ரெரா பதிவு இருந்தா புது வீட்டுக்குப் பயமில்லையா?

ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016ல் வந்தது. பதிவான திட்டத்தில் ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரி செய்ய வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குகிறவர்களின் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். நல்ல சட்டம்.

ஆனால் 500 சதுர மீட்டரைத் தாண்டாத நிலம், 8 வீட்டைத் தாண்டாத திட்டம் இவற்றுக்குப் பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 12 சென்ட். சேலத்தில் பத்து சென்ட் வாங்கி நாலு வீடு கட்டி விற்பதுதான் வழக்கம் என்பதால், நீங்கள் பார்க்கும் புது வீடுகளில் பல இந்த வளையத்துக்கு வெளியே நிற்கும். அப்படிப்பட்ட வீட்டில் உங்கள் கைக்கு இருப்பது விற்பவர் எழுதிக் கொடுத்த காகிதம் மட்டும். கம்பி அளவு, சிமென்ட், குழாய் பிராண்ட், ஒழுகினால் யார் பொறுப்பு, எத்தனை வருடம் என எல்லாவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அவர் முன்பு கட்டி மூன்று வருடமான வீட்டின் கதவைத் தட்டி விசாரிப்பது இன்னும் நல்லது.

பழைய வீட்டுப் பத்திரத்தில் அப்படி என்ன ஆபத்து?

பெரும்பாலும் பங்குதாரர்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அண்ணன் தம்பி இரண்டு பேர் விற்க வந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அப்பாவின் சொந்தச் சம்பாத்தியமாக இருந்தால் 1956ஆம் வருடத்து இந்து வாரிசுச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அப்பாவின் தாய், எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989லேயே வந்தது. அது கல்யாணமாகாத பெண்களுக்கு மட்டும் என்றிருந்ததை 2005ன் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் ஆக்கியது. 2020ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. "தங்கச்சிக்குச் சீர் செஞ்சு அனுப்பியாச்சு, அவளுக்குப் பங்கில்ல" என்று யாராவது சொன்னால், அந்தத் தங்கச்சி கையெழுத்துப் போட வரும்வரை காத்திருங்கள். வாரிசுச் சான்றில் இருக்கும் எல்லாப் பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

சொத்தின் மேல் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றை பதிவுத்துறை இணையதளத்தில் 1975லிருந்து எடுக்கலாம். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு வாங்க வேண்டும். மூலப் பத்திரமான தாய்ப்பத்திரத்திலிருந்து சங்கிலி அறாமல் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். நான்கு எல்லையைச் சொல்லும் சக்குபந்தியைப் படியுங்கள்: "இன்னார் வீட்டுக்கு மேற்கு, சந்துக்கு வடக்கு" என்று எழுதியிருக்கும். அந்தச் சந்து இன்னும் இருக்கிறதா, நடைபாதை உரிமை யாருக்கு என்பதை நேரில் நின்று பாருங்கள்.

சொந்தக்காரருக்குப் பதிலாக வேறொருவர் பவர் பத்திரத்தில் (பொது அதிகாரப் பத்திரம்) விற்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் இறந்தால் பவரும் போயிற்று. பொது அதிகாரப் பத்திரத்தால் மட்டும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது. ஊர் ஓரத்து நிலமென்றால் பஞ்சமி நிலமா என்றும் விசாரியுங்கள். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய நிலம் அது. அதை மற்றவர்கள் வாங்கினால் செல்லாது, வாங்குவதும் அநியாயம்.

கட்டட அனுமதியே இல்லாத பழைய வீடு இருக்குதே, வாங்கலாமா?

நத்தம் நிலத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கான நிலத்தில், தாத்தா காலத்தில் கட்டிய வீடுகளுக்கு வரைபடம் இருக்காது. நத்தம் பட்டாவும் வீட்டு வரி ரசீதும் இருந்தால் யோசிக்கலாம், ஆனால் எல்லா வங்கியும் ஒப்புக்கொள்ளாது. அங்கீகாரம் இல்லாத மனைப் பிரிவு என்றால் 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவானதா, வரன்முறைப்படுத்தி ஆணை வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆணை இல்லையென்றால் நகர்ந்துவிடுங்கள்.

தண்ணீர்?

விற்பவரைக் கேட்காதீர்கள். எதிர் வீட்டு அக்காவைக் கேளுங்கள்: நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்? மேட்டூர்த் தண்ணீர் வரும் குழாய் எல்லாத் தெருவிலும் ஒரே வேகத்தில் வருவதில்லை. இங்கே கீழே பாறை, போரை மட்டும் நம்ப முடியாது. பழைய வீட்டில் கிணறு இருந்தால் மூடாதீர்கள், மழைநீரை அதற்குள் விடுங்கள். 2003லிருந்து மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். பல புது வீட்டில் அது ஒரு குழாயும் நாலு ஜல்லியுமாக, கணக்குக் காட்ட மட்டும் நிற்கிறது.

விலை போக எவ்வளவு செலவு வரும்?

பழைய தனி வீடு, பத்திர மதிப்பு 60 லட்சம் என்று வைப்போம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: 5 லட்சத்து 40 ஆயிரம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம், அதாவது 48 லட்சம். முத்திரைச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். ஆகக் கையில் 17 லட்சத்து 40 ஆயிரம் வேண்டும், மராமத்து தனி. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் விலையில் 1 சதவீதம் வருமான வரியாகப் பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். அதை விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் கழித்துக்கொள்ளலாம்.

கட்டி முடியாத வீட்டை பில்டரிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 45 லட்சத்துக்கு உட்பட்ட, நம் ஊர் போன்ற இடங்களில் 90 சதுர மீட்டர் கார்ப்பெட் ஏரியாவை (வீட்டுக்குள் புழங்கும் பரப்பை) தாண்டாத வீட்டுக்கு 1 சதவீதம். நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கும், பழைய வீட்டுக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது.

பழைய வீட்டுக்கு பேங்க் லோன் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் மதிப்பீட்டாளர் வந்து கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருட ஆயுள் என்று எழுதுவார். கடன் காலம் அதைத் தாண்டக் கூடாது என்பார்கள். ஓட்டு வீட்டுக்கு நில மதிப்பை வைத்துக்கூடத் தர யோசிக்கிற வங்கி உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வங்கியில் வாய்மொழியாகவாவது கேட்டுவிடுங்கள்.

ஃப்ளாட் எப்படி?

நிலத்தில் உங்கள் பிரிக்கப்படாத பாகம் எத்தனை சதுரடி என்று கேளுங்கள். லிஃப்ட்டும் ஜெனரேட்டரும் பழசாகும்போது சங்கத்தில் காசு இருக்கிறதா என்றும் கேளுங்கள். மற்றபடி எனக்குத் தனி வீடுதான் பிடிக்கும், இது என் சாய்வு.

ஏற்காட்டில் பழைய பங்களா ஒன்று விலைக்கு வருதாம்...

எல்லோருக்கும் அந்த ஆசை உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்குள் இருக்கும் வீட்டில் சுவர் வருடத்தில் பாதி நாள் காயாது. துணியில், மெத்தையில், புத்தகத்தில் பூஞ்சை. ஆளில்லாமல் பூட்டி வைத்தால் இரண்டு பருவத்தில் கூரை மரம் போய்விடும். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருவதால் புதிதாகக் கட்டவும் விரிவாக்கவும் தனி அனுமதி வேண்டும். அதனால் முறையான அனுமதியோடு நிற்கும் பழைய வீட்டுக்கு அங்கே மதிப்பு அதிகம். அனுமதியில்லாத புது 'வில்லா'வின் பக்கமே போகாதீர்கள். நிலம் நிபந்தனைப் பட்டாவா (அரசு நிபந்தனையோடு கொடுத்ததா), காட்டு எல்லை எங்கே முடிகிறது என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் பாருங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையிலேயே மண் சரிந்தது. வெட்டி நிரப்பிய சரிவில் நிற்கும் வீட்டின் தடுப்புச்சுவரில் தண்ணீர் வெளியேறும் துளை இருக்கிறதா என்று கவனியுங்கள். இத்தனைக்குப் பிறகும் தேயாத காதல் இருந்தால், ஒரு ஜூலை மாதம் அங்கே வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வாஸ்து?

காற்றும் வெளிச்சமும் வரட்டும். மீதியை உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், நான் நடுவில் வரவில்லை.

எந்த மாசத்தில் விலை பேசலாம்?

ஆடியில் பேசுங்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகையில் ஊரே இருக்கும், பத்திரப் பதிவுக்கு ஆள் வராது. அவசரமாக விற்க வேண்டியவர் அப்போதுதான் இறங்கி வருவார். விலையை முடித்துக்கொண்டு ஆவணியில் பதியலாம்.

அட்வான்ஸ் எவ்வளவு, எப்படிக் கொடுக்கணும்?

சிறிய தொகை, வங்கி வழியாக. விற்பனை ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து பதிவு செய்தாக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி போட்டு வைத்துக்கொண்டால் சண்டையில் பெரிதாக உதவாது. மூன்று மாதக் கெடு, பத்திர நகல் முழுவதும் தர வேண்டும் என்ற நிபந்தனை, வீட்டில் குடியிருப்பவர் எப்போது காலி செய்வார் என்ற தேதி, மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். பதிவு அன்று காலையில் வீட்டுக்குப் போய் மின் மீட்டரின் ரீடிங்கை போட்டோ எடுங்கள். கடைசி வீட்டு வரி ரசீதும் குடிநீர்க் கட்டண ரசீதும் சாவிக்கொத்தோடு ஒரே கவரில் வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.